மச்சினனைச் சுட ஒரு மானிட்டர்

கண்ணாடிக் கடைக்காரருக்கு வயது ஐம்பத்தொன்று. வாரம் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிப்பது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஐந்துவரை மனைவியின் தம்பியைச் சுடுவது அவர் பொழுதுபோக்கு. சுடுவது என்றால் கம்ப்யூட்டரில்தான். பாழடைந்த ஒரு சரக்குக் கிடங்கு, அதற்குள் மரப்பெட்டிகள், இரும்பு ஏணிகள், ஆளுக்கொரு துப்பாக்கி. எதிராளியை யார் முதலில் முப்பது தடவை சாய்க்கிறாரோ அவருக்கு வெற்றி. இவர் இவர் வீட்டிலிருந்து ஆடுவார், மச்சினன் அவன் வீட்டிலிருந்து ஆடுவான். ஆட்டத்தில் இவர் பெயர் கழுகு. அவன் பெயர் புயல்.

சுடுவது என்று சொன்னது ஒரு மரியாதைக்காக. நடப்பதென்னவோ சுடப்படுவதுதான். இரண்டு வருஷமாகக் கழுகு ஒரு ஞாயிறுகூட ஜெயித்ததில்லை. முப்பதுக்குப் பதினொன்று, முப்பதுக்குப் பதின்மூன்று, ஒரே ஒரு தடவை முப்பதுக்குப் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதும் மச்சினன் பாதி ஆட்டத்தில் ஒரு கையால் ஃபோனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்த புண்ணியத்தால் வந்தது.

தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தோற்றதும் ஹெட்ஃபோனில் மச்சினன் சொல்லும் ஆறுதல் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியாது.

"விடுங்க அத்தான். உங்க மேல தப்பே இல்ல. உங்க மானிட்டர் அறுபது ஹெர்ட்ஸ். செகண்டுக்கு அறுபது படந்தான் காட்டும். என்னுது நூத்தி அறுபத்தஞ்சு. நான் உங்கள நூறு தடவ பாத்து முடிச்சப்புறந்தான் நீங்க என்னை ஒரு தடவ பாக்குறீங்க."

கணக்கு தப்பு என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். ஆனால் உங்கள் மேல் தப்பில்லை என்று ஒருவன் வாயாரச் சொல்லும்போது அவன் கணக்கைத் திருத்த யாருக்கு மனசு வரும்?

மச்சினனுக்குப் பேச்சுதான் பிழைப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதிய கார்களைப் பார்த்து நஷ்டம் மதிப்பிடுகிறவன். முன்பக்கம் அப்பளமாகக் கிடக்கும் வண்டியைச் சுற்றி வந்து, "இந்த நெளிசல் முன்னாடியே இருந்திருக்கு" என்று முகம் மாறாமல் சொல்லக்கூடியவன். அவன் ஒன்றைச் சொன்னால் மறுப்பதற்கு முன்னால் எதிராளிக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் ஆளில்லாத நேரத்தில் கண்ணாடிக்காரரின் ஃபோனில் அந்த விளம்பரம் வந்து விழுந்தது. இருபத்தேழு அங்குல கேமிங் மானிட்டர். இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ். நாற்பது சதவீதம் தள்ளுபடி. சனிக்கிழமை ஒரே நாள். அவர் அதை மூன்று தடவை படித்தார். மச்சினனுடையது நூற்று அறுபத்தைந்து. இது இருநூற்று நாற்பது. மனசுக்குள் புயல் ஒரு மரப்பெட்டி மீது குப்புற விழுந்து கிடந்தது.

சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைப் போட்டார்.

"புதுசா ஒரு மானிட்டர் வாங்கலாம்னு பாக்குறேன். கண்ணுக்கு ரொம்ப நல்லதாம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானே கண் டாக்டர் மாதிரிதானே?"

"மாதிரி," என்றாள் அவள், அந்த ஒரு சொல்லை மட்டும் தனியே எடுத்து வைத்து. பிறகு, "நானும் வரேன். போன தடவ தள்ளுபடின்னு தனியா போய் கால் அமுக்குற மெஷின் வாங்கிட்டு வந்தீங்க. அதுல இப்ப வெங்காயம் வச்சிருக்கேன்," என்றாள்.

அவளுக்குத் தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலை. சூளையிலிருந்து வெளிவரும் ஓடுகள் பெல்ட்டில் வரிசையாக ஓடும். பளீரென்ற விளக்கின் கீழ் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு துளை, ஓரத்தில் மயிரிழைச் சில்லு, ஒரு சாயல் கூடுதல் குறைவு எதுவானாலும் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் அது இரண்டாந்தரமான செகண்ட்ஸ் பக்கம் போய்விடும். இரண்டு செகண்டுக்கு ஓர் ஓடு. பதினேழு வருஷம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அதற்கு மாதச் சம்பளம் வாங்கும் ஆள் அவள்.

சனிக்கிழமை காலை எலக்ட்ரானிக்ஸ் கடை திறக்கும் நேரத்துக்கே மூவரும் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் மச்சினன். விவரம் தெரிந்தவன் ஒருத்தன் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவனே தன்னைச் சேர்த்துக்கொண்டான்.

கேமிங் பிரிவில் நின்ற விற்பனைப் பெண் டிராகன் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் அணிந்திருந்தாள். அது அவளைவிட இரண்டு அளவு பெரியது. டிராகனின் வால் அவள் இடுப்புப் பக்கமாகப் போய் எங்கோ மறைந்துவிட்டது.

"இது செகண்டுக்கு இருநூத்தி நாப்பது சுத்து சுத்தும் சார். சாரி, இருநூத்தி நாப்பது படம் காட்டும்."

"சுத்தா?" என்றாள் மனைவி.

"போன வாரம் வரைக்கும் வாஷிங் மெஷின்ல இருந்தேன் மேடம்," என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "இங்க இருந்த பையன் வேலைய விட்டுட்டான். சட்டைகூட அவனுதுதான்."

மேஜை மேல் இரண்டு மானிட்டர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கறுப்புச் சட்டம். கீழே ஒட்டிய சீட்டு மட்டும் வேறு. ஒன்றில் அறுபது, மற்றதில் இருநூற்று நாற்பது. வித்தியாசத்தை மக்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று இரண்டிலும் ஒரே கார்ப் பந்தயத்தை ஓடவிட்டிருந்தார்கள். சிவப்புக் கார் ஒன்று வளைவில் சீறிக்கொண்டு போயிற்று. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாருங்க சார். எது தெளிவா இருக்கு? இதுவா, அதுவா?"

கண்ணாடிக்காரர் விற்பனைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய கேள்வி. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவர் கேட்கும் கேள்வி. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதை அவரிடம் திருப்பிக் கேட்டதில்லை. இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். சிவப்புக் கார் இங்கேயும் அதே மாதிரிதான் போயிற்று, அங்கேயும் அதே மாதிரிதான் போயிற்று. கழுத்தை நீட்டினார், ஒரு கண்ணை மூடினார், பின்னால் இரண்டடி நகர்ந்தார். ஒரு மண்ணும் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் பார்வை பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒரு டிராகன் முன்னால் ஃபெயிலாகப் போகிறோமா என்று காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அடேங்கப்பா!" என்றான் மச்சினன். "என்ன ஒரு வழவழப்பு! பட்டுத்துணி வழுக்கிட்டு போற மாதிரி இருக்கு பாருங்க. இத பாத்துட்டு அத பாத்தா கண்ணே கூசுது. தெரியுதா அத்தான்?"

"தெரியுது தெரியுது," என்றார் கண்ணாடிக்காரர். "நல்லாவே தெரியுது."

தன் கடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே குரலில் இதே பதிலைச் சொன்னவர்களின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்களுக்கும் ஒரு மண்ணும் தெரிந்திருக்காது. பாவம், மரியாதைக்காகப் புளுகியிருக்கிறார்கள்.

அந்த நினைப்பு வந்த கையோடு இன்னொன்றும் வந்தது. புளுகுகிறவர்களைப் பிடிக்க அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். சும்மா தலையாட்டுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் வில்லையைக் கழற்றி, டக்கென்று சத்தம் வரும்படி அதே வில்லையையே திரும்பப் போடுவார். "இப்ப எப்படி?" என்பார். "ஆஹா, இப்ப சூப்பர்," என்று சொல்கிறவர் அகப்பட்டார்.

அந்த நேரம் பார்த்து மச்சினனுக்கு ஃபோன் வந்தது. யாருடைய காரோ யாருடைய சுவரிலோ மோதியிருந்தது. அவன் ஃபோனோடு ஃபிரிட்ஜ்கள் பக்கம் நகர்ந்தான். கண்ணாடிக்காரர் குனிந்து இரண்டு சீட்டுகளையும் உரித்து இடம் மாற்றி ஒட்டினார்.

"சார், என்ன சார் பண்றீங்க?" என்று பதறினாள் விற்பனைப் பெண்.

"ஒரு சின்ன டெஸ்ட்டும்மா. ஒண்ணும் பேசாத."

மச்சினன் திரும்பி வந்தான். "மாப்ள, ஒரு தடவ மறுபடி பாத்து சொல்லேன். எதுடா வழவழப்பு?" என்றார் கண்ணாடிக்காரர்.

மச்சினன் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு அறுபது ஹெர்ட்ஸ் மானிட்டரின் தலையில் அன்பாக ஒரு தட்டுத் தட்டினான். "இதுல என்ன அத்தான் சந்தேகம்? கண்ணு இருக்கற எவனும் சொல்லுவான். அந்தப் பழசு பாருங்க, கார் நொண்டி நொண்டி போகுது."

விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்காரர் சொன்னார்: "சீட்ட மாத்தி ஒட்டிட்டேன் மாப்ள."

மூக்கு உடைபட்டால் சத்தம் கேட்காது. ஆனால் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மச்சினன் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "விளக்கு வெளிச்சம் அடிக்குது," என்றான். "ஆங்கிள் சரியில்ல."

மனைவி கைப்பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"வெளிச்சமும் இல்ல, ஆங்கிளும் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான். ஒரே மாதிரிதான் கலங்குது. வந்ததுலேருந்து பாக்குறேன்."

"அது எப்படி மேடம்? இது இருநூத்தி நாப்பது..." என்று ஆரம்பித்த விற்பனைப் பெண், நடுவில் நிறுத்திக்கொண்டு கீபோர்டைத் தேடினாள். எதை எதையோ தட்டினாள். ஒரு பட்டியல் திறந்தது. அவள் அதை எழுத்துக்கூட்டுகிறவள்போல் மெதுவாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"ஐயையோ. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டையும் ஒரே படம் காட்டுற மாதிரி கோர்த்து வச்சிருக்காங்க சார். அதனால ரெண்டும் அறுபதுலதான் ஓடுது. அந்தப் பையன் போனதுலேருந்து... இல்ல, அவன் இருந்தப்பவும் இப்படித்தான் இருந்திருக்கும்."

"எத்தனை பேருக்கு வித்தீங்க?" என்றாள் மனைவி.

"இந்த வாரம் மட்டும் ஒன்பது மேடம். எல்லாருமே வித்தியாசம் நல்லா தெரியுதுன்னாங்க."

கண்ணாடிக்காரர் இழுத்து விட்ட மூச்சில் சட்டைப் பித்தான்கள் விரிந்தன. தெரியாதது தெரியாமல் போனது அவர் கண்ணின் குற்றம் இல்லை. இல்லாததுதான் அவருக்குத் தெரியவில்லை!

விற்பனைப் பெண் இரண்டு திரைகளையும் தனித்தனியாகப் பிரித்தாள். பட்டியலில் இருநூற்று நாற்பதைத் தேர்ந்தெடுத்தாள். "இது வாஷிங் மெஷின் மாதிரிதான் சார். துணியப் போட்டா மட்டும் போதாது, எந்த வேகம்னு திருகணும். வாங்கிட்டுப் போற முக்காவாசிப் பேரு இத மாத்தாமயே விட்டுடறாங்களாம். எத்தனை ஹெர்ட்ஸ் வாங்கினாலும் அது பாட்டுக்கு அறுபதுலயே ஓடிட்டு இருக்குமாம். இங்க எழுதியிருக்கு."

அதைக் கேட்ட மச்சினனின் முகம் போன போக்கைக் கண்ணாடிக்காரர் அப்போது கவனிக்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கார் வளைவில் திரும்பியது. திரும்பும்போது அதன் சக்கரத்தில் இருந்த ஆரக்கால்கள் தெரிந்தன. அடியில் ஊர்ந்த பொடி எழுத்து வரி, பக்கத்துத் திரையில் ஈரத்தில் நனைந்த மாதிரி இழுபட்டுக்கொண்டிருக்க, இதில் ஒவ்வோர் எழுத்தும் நின்று பேசியது. இருபத்தெட்டு வருஷம் எழுத்து அட்டையோடு குடித்தனம் செய்தவர் அல்லவா, பழக்க தோஷத்தில் வாய்விட்டுப் படித்தார்.

"காட்சிக்கு வைத்த பொருள். மாற்றித் தரப்பட மாட்டாது."

"என்னது?" என்றாள் மனைவி. "மிச்சம் இருக்கறது இந்த ஒண்ணுதான் மேடம்," என்றாள் விற்பனைப் பெண்.

அவ்வளவுதான். அவள் கைப்பையைக் கணவரிடம் கொடுத்தாள். விற்பனைப் பெண்ணிடம் திரை முழுக்க வெள்ளை வரும்படி செய்யச் சொன்னாள். பிறகு கறுப்பு. பிறகு சிவப்பு. இடது மேல் மூலையிலிருந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைக்கு வந்த வேறு இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று நின்றுவிட்டார்கள். கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது, வலது கீழ் மூலைக்குச் சற்று மேலே அவள் விரல் போய் நின்றது.

"இங்க ஒரு புள்ளி செத்துப் போயிருக்கு."

கண்ணாடிக்காரர் மூக்கு முட்டும் வரை நெருங்கிப் பார்த்தார். ஊசி குத்திய மாதிரி ஒரு பச்சைப் புள்ளி.

"எங்க ஃபாக்டரில இது செகண்ட்ஸ்," என்றாள் மனைவி. "செகண்ட்ஸ் ஃபர்ஸ்ட் விலைக்கு வெளியே போனா என் வேலை போயிடும்."

"நாப்பது சதவீதம் குறைச்சிருக்கோமே மேடம்."

"அது எல்லாருக்கும் குறைச்சது. நான் புள்ளிக்குக் கேக்குறேன்."

மேனேஜர் வந்தார். திரையை உற்றுப் பார்த்து, தூசி என்றார். மனைவி கைக்குட்டையை நீட்டி, துடையுங்கள் என்றாள். அவர் துடைத்தார். புள்ளி அங்கேயே நின்று மினுங்கியது. மேனேஜர் இன்னும் பன்னிரண்டு சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு, கூடவே ஒன்றிரண்டு வயர்களையும் கொடுத்தனுப்பினார்.

பில் போடும்போது திரும்பிப் பார்த்தால் மச்சினனைக் காணோம். "அவசர வேலையாம், கிளம்பிட்டாரு," என்றாள் விற்பனைப் பெண்.

காரில் பின் இருக்கையில் பெட்டியை மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஓட்டியது மனைவிதான். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஃபோனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, வீட்டுக்குப் போயாச்சா? பட்டியலத் திறந்து பாத்தியா?"

"பாத்தேன்," என்றான் மச்சினன்.

"எத்தனைல இருந்துச்சு?"

"அறுபது," என்றான் புயல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன்போல.

"எத்தனை நாளா?"

"வாங்கின நாள்லேருந்துதான் அத்தான். ரெண்டு வருஷம் நாலு மாசம். அக்காகிட்ட சொல்லாதீங்க."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிக்னலில் வண்டி நின்றது. மனைவி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளும் அவனும் உங்கள மாதிரி அறுபதுலதான் ஆடியிருக்கான்."

"ஆமா!"

"அப்படியும் நீங்க தோத்திருக்கீங்க."

சிக்னல் பச்சை விழுந்து பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். வீடு வந்து சேரும்வரை கண்ணாடிக்காரர் பெட்டியில் அச்சடித்திருந்த எச்சரிக்கைகளைப் படித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கிடங்கு திறந்தது. இவர் பக்கம் இருநூற்று நாற்பது. மூன்று தடவை சரிபார்த்துவிட்டார். அவன் பக்கம், முதன்முதலாக, நிஜமான நூற்று அறுபத்தைந்து. மச்சினனின் குரலில் பழைய கம்பீரம் திரும்பியிருந்தது. நேற்றைய சம்பவம் நடக்கவே இல்லை என்பதுபோல் பேசினான்.

படம் உண்மையிலேயே அற்புதமாக ஓடியது. புயல் ஏணியில் தாவி ஏறுவது அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அவன் துப்பாக்கியைத் திருப்புவது தெரிந்தது. அதிலிருந்து குண்டு வருவது தெரிந்தது. முன்பெல்லாம் எப்படிச் செத்தோம் என்றே தெரியாமல் செத்துக்கொண்டிருந்தவர், இப்போது ஒவ்வொரு சாவையும் ஆற அமரக் கண்டுகளித்தார். இருபதுக்கு ஆறு.

தேநீரோடு வந்த மனைவி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அந்த ரெண்டாவது பெட்டிக்குப் பின்னாடி இருக்கான்."

"எங்க? ஒண்ணும் காணோமே."

"பெட்டி ஓரத்துல ஒரு சாயல் கூடுதலா இருக்கு பாருங்க. சுடுங்க."

சுட்டார். பெட்டிக்குப் பின்னாலிருந்து புயல் சுருண்டு விழுந்தான். ஹெட்ஃபோனில், "ஏய்!" என்று ஒரு சத்தம்.

"இப்ப ஏணிக்குக் கீழ. இல்ல, இந்தப் பக்கம். ஐயோ, இந்தப் பக்கங்க! அதுக்குள்ள ஓடிட்டான். நகருங்க."

நகர்ந்தார். அவள் தேநீர் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். எதை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் சுடும் என்று இரண்டே கேள்வி கேட்டாள். முதல் நிமிஷம் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு தடவை செத்தாள். அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணாடிக்காரர் நின்றவாக்கிலேயே பார்த்தார். அவள் எங்கும் ஓடவில்லை, எதிலும் ஏறவில்லை. ஒரு மூலையில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். கிடங்கில் எது அசைந்தாலும், எந்தத் தகரத்தில் ஒரு நிழல் கூடினாலும், அந்த இடத்தில் ஒரு குண்டு. அவசரமே இல்லை. இரண்டு செகண்டுக்கு ஒன்று.

"அத்தான், என்ன அத்தான் இது? ஏதாவது திருட்டு சாஃப்ட்வேர் போட்டீங்களா?" என்று கத்தினான் மச்சினன். "நான் எட்டிகூடப் பாக்கல, அதுக்குள்ள சுடுறீங்க!"

கண்ணாடிக்காரர் ஹெட்ஃபோன் மைக்கை வாயருகே இழுத்தார். "மானிட்டர் மாப்ள. எல்லாம் மானிட்டர்தான்."

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஹெட்ஃபோனை அவர் தலையிலிருந்து கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "டேய், நான்தான்டா. ஏணிக்குப் பின்னாடி காலு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற."

"அக்காவா?" என்றான் புயல். அதற்குள் சாய்ந்துவிட்டான்.

முப்பதுக்கு இருபத்தேழில் ஆட்டம் முடிந்தது. பலகையில் கழுகு மேலே, புயல் கீழே. இரண்டு வருஷமாக ஏங்கிய காட்சி. கண்ணாடிக்காரர் அதை ஃபோனில் நாலு படம் எடுத்தார். மச்சினன் மறு ஆட்டம் கேட்டு ஹெட்ஃபோனுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"சரி, ஒண்ணே ஒண்ணு," என்றாள் மனைவி. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க போய் அந்தத் துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சிடுங்க. வானம் மூட்டமா இருக்கு."

கண்ணாடிக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொடிப்பக்கம் போனார். முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. உள்ளேயிருந்து குண்டுச் சத்தமும், கூடவே மச்சினனின் குரலும் விட்டுவிட்டுக் கேட்டன. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துணி என்று அவர் சாவகாசமாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.